தகர நட்சத்திரம் யாருக்குச் சொந்தம்?

ஹாட்லிவில் என்ற கற்பனை ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. வில் கேனுக்கு இப்போதுதான் கல்யாணம் முடிந்திருக்கிறது. மணப்பெண் எமி குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவள். ஆயுதம் தொடுவது அவர்களுக்குப் பாவம். அவளுக்காகவே கேன் ஊரைக் காக்கும் மார்ஷல் வேலையை விடுகிறார். பதவிச் சின்னமாக நெஞ்சிலிருந்த தகர நட்சத்திரத்தைக் கழற்றியாயிற்று. புது மார்ஷல் மறுநாள் வந்துவிடுவார். நடுவில் ஒரே ஒரு நாள்தான் ஊருக்குக் காவல் கிடையாது. தந்தி அந்த நாளில் வந்து சேர்கிறது: கேன் பிடித்துக்கொடுத்து, தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு ஆயுளாகக் குறைக்கப்பட்ட ஃபிராங்க் மில்லருக்கு இப்போது மன்னிப்பே கிடைத்துவிட்டது. பன்னிரண்டு மணி ரயிலில் வருகிறான். அவனுடைய ஆட்கள் மூன்று பேர் ஏற்கெனவே ஸ்டேஷனில் காத்திருக்கிறார்கள்.

1952-இல் வெளிவந்த ‘ஹை நூன்’ இப்படித் தொடங்குகிறது. மொத்தம் 85 நிமிடப் படம். துப்பாக்கிச் சண்டை கடைசியில் கொஞ்ச நேரம்தான். அதுவரை ஐம்பது வயது ஆள் ஒருவர் வேர்த்து வழிய வீடு வீடாகப் போய் ‘துணைக்கு வாருங்கள்’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். சாகசக் கதை எதிர்பார்த்து உட்காருபவருக்கு இது நன்கொடை வசூல் போலத்தான் தெரியும். ஏழு வருடம் கழித்து இந்தப் படத்துக்குப் பதில் சொல்வதற்காகவே ‘ரியோ பிராவோ’ வந்தது. ஊரைக் காக்கும் காவலர் கதைகளை ஹாலிவுட் நூற்றுக்கணக்கில் எடுத்துத் தள்ளியிருக்கிறது. ஒரு படம் இன்னொரு படத்தைக் கூப்பிட்டு வழக்காடியது அபூர்வம். வழக்கு இதுதான்: ஊரைக் காப்பது சம்பளம் வாங்குகிறவர் வேலையா, ஊரார் வேலையா?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். சிவகாசியிலிருந்து வந்த காமிக்ஸ்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு ஷெரீப்பும் மார்ஷலும் ஒன்றுதான். இருவருமே காமிக்ஸ் நாயகன் டெக்ஸ் வில்லருக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பவர்கள். உண்மையில் மூன்று தனித்தனி உத்தியோகங்கள். ஷெரீப் என்பவர் கவுன்ட்டி (நம் மாவட்டம் போல) முழுவதற்கும் பொறுப்பானவர், பொதுவாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்படுபவர். டவுன் மார்ஷல் ஊர் மன்றம் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும் ஆள். ஊர் எல்லையைத் தாண்டினால் அவர் யாரோ எவரோ. யு.எஸ். மார்ஷல் மத்திய அரசின் நியமனம். (சென்னையிலும் ஷெரீப் பதவி இருந்தது. அது பிற்காலத்தில் பிரமுகர்களுக்கு மாலை போடுவது போன்ற கௌரவப் பட்டமாகிவிட்டது.) ஒரே ஊரில் இவர்களில் இருவர் இருந்தால் சச்சரவுக்குப் பஞ்சமிருக்காது. அரிசோனாவின் டூம்ஸ்டோனில் 1881 அக்டோபர் 26 அன்று நடந்த ஓ.கே. காரல் சண்டையில், சுட்ட தரப்புக்குத் தலைமை தாங்கிய விர்ஜில் ஏர்ப் டவுன் மார்ஷல். எதிர்த்தரப்புக்கு வேண்டியவராக இருந்த ஜானி பீஹன் கவுன்ட்டி ஷெரீப். முப்பது விநாடியில் மூன்று பேர் செத்தார்கள். சண்டைக்கு நேரடிக் காரணம், ஊருக்குள் ஆயுதம் வைத்துக்கொண்டு நடமாடக் கூடாது என்ற நகராட்சி விதி. எத்தனையோ படங்களில் காவியமாகிப்போன அந்தச் சம்பவத்தை, ஒரு முனிசிபல் விதியை அமல்படுத்தப் போன இடத்தில் நடந்த கொலைகள் என்றும் எழுதலாம்.

ஷெரீப் கூப்பிட்டால் உடல் வலுவுள்ள ஆண்கள் வந்து நின்றாக வேண்டும் என்பது இங்கிலாந்திலிருந்து வந்த பழைய சட்டம். வெஸ்டர்ன் படங்களில் இருபது முப்பது பேர் குதிரைமேல் புழுதி பறக்கப் போவார்களே, ‘பாஸி’ என்று, அது இந்தச் சட்டத்திலிருந்து வந்ததுதான். கேன் ஷெரீப் இல்லை, மார்ஷல். அதுவும் ராஜினாமா செய்துவிட்ட மார்ஷல். பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து நட்சத்திரத்தை அவரே எடுத்து மீண்டும் குத்திக்கொள்கிறார். ஊர் அவரைக் கூப்பிடவில்லை. ஆணையிட முடியாத இடத்தில் நிற்பதால்தான் கெஞ்ச வேண்டியிருக்கிறது. கதையின் இந்த முடிச்சைக் கவனிக்காமல் விட்டால், ஊரார் வெறும் கோழைகளாகத் தெரிவார்கள்.

அவர்கள் வெறும் கோழைகள் இல்லை, கணக்குப் பார்ப்பவர்கள். தேவாலயக் காட்சி அதற்காகவே எழுதப்பட்டது. கேன் ஆராதனைக்கு நடுவே நுழைந்து உதவி கேட்கிறார். சிலர் உடனே எழுந்திருக்கிறார்கள். ஒருவர் ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்கிறார். அவ்வளவுதான், பொதுக்கூட்டம் ஆரம்பமாகிவிடுகிறது. மில்லருக்கும் கேனுக்கும் இருப்பது சொந்தப் பகை இல்லையா? நாம் வரி கட்டுவது எதற்கு? வடக்கே இருக்கும் அரசியல்வாதிகள் அல்லவா அவனை விட்டுவிட்டார்கள்? கடைசியில் கேனின் பழைய நண்பரான ஹென்டர்சன் எழுந்து, கேனைப் போல ஒரு மார்ஷல் இந்த ஊருக்குக் கிடைத்ததில்லை என்று வாயார வாழ்த்துகிறார். அந்த வாழ்த்துக்குள்ளேதான் கத்தி இருக்கிறது. வடக்கேயிருந்து பணம் வரப்போகிறது, கடைகளும் தொழிற்சாலைகளும் கட்டப் போகிறார்கள், தெருவில் பிணம் விழுந்த செய்தி பத்திரிகையில் வந்தால் அவர்கள் பின்வாங்கிவிடுவார்கள். ஆகவே கேன் ஊரைவிட்டுப் போய்விடுவதே எல்லோருக்கும் நல்லது. புகழ்ந்து வழியனுப்புவது எப்படி என்று இதைவிட நன்றாக எந்தப் படமும் காட்டியதாக எனக்கு நினைவில்லை.

இதில் மிகை ஒன்றும் இல்லை. கன்சாஸின் மாட்டுச் சந்தை ஊர்கள் உண்மையிலேயே இப்படித்தான் பிறந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் டெக்சஸில் மாடுகள் மலிந்து கிடந்தன. அங்கே நாலைந்து டாலருக்குப் போன மாடு வடகிழக்கு நகரங்களில் பத்து மடங்கு விலை பெற்றது. 1867-இல் ஜோசப் மெக்காய் என்ற வியாபாரி அபிலீன் என்ற குக்கிராமத்தில், ரயில் பாதையை ஒட்டி மாட்டுக் கொட்டில்களைக் கட்டினார். மாடுகள் வந்தன; கூடவே மாடு மேய்க்கிகளும் வந்தார்கள். மூன்று மாதக் கூலியைக் கையில் வைத்துக்கொண்டு, வெறிச்சோடிய புல்வெளியில் தூசி தின்றுகொண்டு வந்த இளைஞர்கள். அவர்கள் செலவு செய்ய வேண்டும், அதே சமயம் கடைக் கண்ணாடியை உடைக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கத்தான் மார்ஷல். ரொம்பக் கெடுபிடி செய்தால் சந்தை அடுத்த ஊருக்குப் போய்விடும். விட்டுப்பிடித்தால் வியாபாரிகளுக்குத் தூக்கம் போய்விடும். மதுக்கடைக்காரர்களும் சூதாடிகளும் விலைமாதர்களும் மாதாமாதம் கட்டிய ‘அபராதம்’ உண்மையில் உரிமக் கட்டணம். போலீஸ் சம்பளம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வந்தது.

அபிலீனின் மார்ஷல் டாம் ஸ்மித் ஊருக்குள் துப்பாக்கி கூடாது என்ற விதியைக் கையால் அடித்தே நிலைநாட்டியவர். 1870 நவம்பரில் ஊருக்கு வெளியே ஒருவனைக் கைது செய்யப் போன இடத்தில் கோடரியால் வெட்டப்பட்டுச் செத்தார். அடுத்த ஆண்டு, மெக்காய் மேயராக இருந்தபோது, மாதம் 150 டாலருக்கு வைல்டு பில் ஹிக்காக் வந்தார். துப்பாக்கி சுடுவதில் அவருடைய புகழ் ஊரறிந்தது. 1871 அக்டோபரில் ஃபில் கோ என்ற சூதாடியைச் சுட்ட அதே பரபரப்பில், உதவிக்கு ஓடிவந்த தன் சொந்த டெபுடி (துணைக் காவலர்) மைக் வில்லியம்ஸையும் சுட்டுவிட்டார். டிசம்பரில் வேலை போயிற்று. அடுத்த வருடம், மாட்டு மந்தைகள் இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று ஊரே அறிக்கை விட்டது. மற்றபடி மார்ஷலின் அன்றாட வேலை, சம்மன் கொடுப்பது, குடித்துவிட்டு விழுந்து கிடப்பவரைத் தூக்கிக்கொண்டு போவது, உரிமம் இல்லாத நாய்களைச் சுடுவது, தெரு சுத்தம் பார்ப்பது. வரலாற்றாசிரியர் ராபர்ட் டைக்ஸ்ட்ரா கன்சாஸின் ஐந்து மாட்டு ஊர்களுக்கு 1870 முதல் 1885 வரை கணக்கெடுத்தார். மொத்தக் கொலைகள் 45. சினிமாவில் ஒரு மாலை நேரத்தில் அத்தனை பேர் விழுவார்கள். ஆனால் அந்த ஊர்களின் மக்கள்தொகையும் சில நூறு, ஆயிரத்தைச் சுற்றித்தான் என்பதை மறந்துவிட்டு, அவை சாதுவான ஊர்கள் என்று சொல்லிவிடவும் முடியாது.

ஹாட்லிவில்லின் ஹோட்டல் எழுத்தர் இந்த வரலாறு முழுவதையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறான். மில்லர் இருந்த காலத்தில் வியாபாரம் நன்றாக இருந்தது, கேன் வந்த பிறகு ஊர் படுத்துவிட்டது, கேனுக்கு இது வேண்டியதுதான் என்று நினைப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். மில்லர் ஊருக்கு வெளியிலிருந்து வரும் பேய் இல்லை. ஊரில் பாதி அவனோடு சேர்ந்து பிழைத்தது.

இயக்குநர் ஃபிரெட் ஜின்னமன் வியன்னாவில் வளர்ந்தவர், யூதர். அவருடைய பெற்றோரை நாஜிகள் கொன்றார்கள். படத்தில் ஒரு நீதிபதி, சுவரிலிருந்த கொடியைக் கழற்றி மடித்துக்கொண்டே, பழைய ஏதென்ஸில் விரட்டப்பட்ட கொடுங்கோலன் கூலிப்படையோடு திரும்பி வந்தபோது குடிமக்களே கதவைத் திறந்துவிட்ட கதையைச் சொல்லிவிட்டு ஊரைவிட்டுக் கிளம்புகிறார். அந்தக் காட்சியை ஜின்னமன் வெறும் கதையாக எடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை, அவர் தன் படம் அரசியல் அல்ல, ஒரு மனிதனின் மனசாட்சி பற்றியது என்றே கடைசிவரை சொல்லிவந்தாலும்.

அவரும் ஒளிப்பதிவாளர் ஃபிளாய்டு கிராஸ்பியும் படத்தை அழகாக எடுக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். உள்நாட்டுப் போர்க் காலத்து மேத்யூ பிராடி புகைப்படங்களைப் போல இருக்க வேண்டும் என்பது திட்டம். வழக்கமான வெஸ்டர்னில் மேகங்கள் பஞ்சுப் பொதியாக மிதக்கக் கேமராவில் ஃபில்டர்கள் போடுவார்கள். இங்கே ஃபில்டர் இல்லை. வானம் வெளுத்துக் கிடக்கிறது. அடிவானம் வரை நீண்டு கிடக்கும் அசையாத தண்டவாளம், கறுப்பு உடையில் அங்குமிங்கும் அலையும் ஒருவர், சுவருக்குச் சுவர் கடிகாரங்கள்: படத்தின் உருவம் இந்த மூன்றுதான். கதையின் நேரமும் படம் ஓடும் நேரமும் ஏறத்தாழ ஒன்று என்பதால், கடிகாரத்தைக் கேன் பார்க்கும்போதெல்லாம் நாமும் பார்க்கிறோம். நேரம் நெருங்க நெருங்கக் கடிகாரங்கள் திரையில் பெரிதாகின்றன. ரயில் வருவதைத் தண்டவாளத்தில் படுத்துக்கொண்டே இருவரும் படமெடுத்தார்கள். தூரத்தில் வெள்ளைப் புகை கறுப்பானது. பார்க்க அருமையாக இருக்கிறதே என்று ரசித்துக்கொண்டிருந்தார்களாம். பிரேக் பிடிக்கவில்லை என்பதற்கு எஞ்சின் டிரைவர் தரும் அடையாளம் அது. கடைசி நொடியில் உருண்டு தப்பினார்கள், கேமரா நொறுங்கியது, ஃபிலிம் மட்டும் பிழைத்தது.

கேனாக நடித்த கேரி கூப்பருக்கு அப்போது வயது 50. மனைவியாக நடித்த கிரேஸ் கெல்லிக்கு 21. கூப்பருக்கு முதுகுவலி, வயிற்றுப் புண். முகத்தில் தெரியும் வேதனையில் பாதி நடிப்பு இல்லை. மேக்கப்பும் அதை மறைக்கவில்லை.

திரைக்கதை எழுதிய கார்ல் ஃபோர்மன் பற்றிப் பேசாமல் இந்தப் படத்தைப் பேச முடியாது. படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த 1951 செப்டம்பரில், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு அவரை விசாரித்தது. கம்யூனிஸ்டுகளைத் தேடிய அந்தக் குழு, வருகிறவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: கூட இருந்தவர்களின் பெயரைச் சொல். சொன்னால் வேலை தொடரும். சொல்லாவிட்டால் எந்த ஸ்டுடியோவும் வாசலில் நிற்கவிடாது. ஃபோர்மன் முன்பு கட்சியில் இருந்து விலகியவர். பெயர் சொல்ல மறுத்துவிட்டார். சம்மன் வந்த நாளிலிருந்து நண்பர்கள் தெருவின் எதிர்ப்பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள், கூட்டாளிகள் நல்லதனமாக விலகிப் போகச் சொன்னார்கள். கேன் ஒவ்வொரு கதவாகத் தட்டும்போது கேட்கும் சாக்குகளில் பல, தான் அந்த மாதங்களில் காதால் கேட்டவை என்று ஃபோர்மனே பின்னாளில் சொன்னார். தயாரிப்பாளர் ஸ்டான்லி கிரேமரின் நிறுவனத்தில் பங்குதாரராக இருந்தவர் அவர். அந்த உறவும் அறுந்தது.

நடிகர் பட்டியலையே ஒரு முறை பாருங்கள். கேனைக் கைவிடும் டெபுடியாக நடித்த லாயிடு பிரிட்ஜஸ் குழுவோடு ஒத்துழைத்துத் தப்பியவர். மில்லர் காலத்தை மெச்சும் ஹோட்டல் எழுத்தராக வந்த ஹவ்லண்ட் சேம்பர்லின் ஒத்துழைக்க மறுத்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சினிமாவில் முகம் காட்ட முடியாமல் போனவர். கூப்பர் பழுத்த வலதுசாரி. 1947-இல் அதே குழுவின் முன், ஒத்துழைக்கும் ‘நட்புச் சாட்சி’யாகப் போய் வந்தவர், ஆனால் யார் பெயரையும் சொல்லவில்லை. அவர் ஃபோர்மன் பக்கம் நின்றார். ஃபோர்மன் தொடங்க நினைத்த புது நிறுவனத்தில் பணம் போடுவதாகவும் சொன்னார். நெருக்கடி தாங்காமல் பிறகு பின்வாங்கினார். ஃபோர்மன் அவர்மேல் கோபப்படவில்லை.

ஃபோர்மன் லண்டனுக்குப் போய்விட்டார். அங்கிருந்து அவர் எழுதி, பிறகு மைக்கேல் வில்சன் மாற்றி எழுதிய இன்னொரு படம் நமக்குப் பக்கத்தில் எடுக்கப்பட்டது. இலங்கையின் கித்துல்கலயில், களனி ஆற்றின் மேல் பாலம் கட்டித் தகர்த்த ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’. 1957-க்கான திரைக்கதை ஆஸ்கர், மூல நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூல் பெயருக்குப் போயிற்று. எழுதியவர்கள் இருவரின் பெயரும் கறுப்புப் பட்டியலில் இருந்ததே காரணம். 1984-இல் ஃபோர்மன் இறந்தார். விருது அவர் பெயருக்கு மாறியது அதற்குப் பிறகுதான்.

இனி எதிர்க்கட்சி. நடிகர் ஜான் வெய்ன் அந்தக் காலத்தில் ஹாலிவுட்டின் கம்யூனிஸ்ட் எதிர்ப்புச் சங்கத்துக்குத் தலைவர். 1953 ஆஸ்கர் விழாவில் கூப்பர் ஊரில் இல்லாததால், ‘ஹை நூன்’ படத்துக்கான சிறந்த நடிகர் விருதை வாங்கிக்கொண்டதே அவர்தான். இந்த வேடம் எனக்கு ஏன் வரவில்லை என்று என் மேனேஜரைக் கேட்கப் போகிறேன் என்று மேடையில் வேடிக்கையாகவும் சொன்னார். 1971-இல் ஒரு பேட்டியில் தொனி வேறு: தன் வாழ்நாளில் பார்த்ததிலேயே அமெரிக்கத்தன்மைக்கு மிக எதிரான படம் அது, ஃபோர்மனை நாட்டைவிட்டு விரட்ட உதவியதற்காக ஒருநாளும் வருந்தமாட்டேன்.

‘ரியோ பிராவோ’ இயக்குநர் ஹவர்டு ஹாக்ஸின் ஆட்சேபம் அரசியல் அல்ல, தொழில் சார்ந்தது. நல்ல ஷெரீப் தலையறுந்த கோழி போல ஊரெல்லாம் ஓடி உதவி கேட்பானா, கடைசியில் குவேக்கர் மனைவி வந்தா காப்பாற்ற வேண்டும் என்பது அவருடைய கேள்வி. ‘ரியோ பிராவோ’ அந்த எரிச்சலில் பிறந்தது. ஷெரீப் ஜான் டி. சான்ஸ், அதாவது வெய்ன், ஒரு கொலைகாரனைச் சிறையில் வைத்திருக்கிறார். அவன் அண்ணன் பெரும் பண்ணைக்காரன், கூலியாட்களை இறக்கி ஊரை வளைத்துவிட்டான். யு.எஸ். மார்ஷல் வந்து கைதியைக் கொண்டுபோகும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். வண்டிக்காரர் நண்பர் ஒருவர் தன் ஆட்களை அனுப்பவா என்கிறார். வேண்டாம் என்கிறார் சான்ஸ். பழக்கமில்லாதவர்கள், பெண்டாட்டி பிள்ளை உள்ளவர்கள், அவர்களைக் காப்பதே எனக்குத் தனி வேலையாகிவிடும். கையில் இருப்பவர்கள்: குடித்துக் கெட்ட பழைய டெபுடி, நொண்டியடிக்கும் கிழவர், கடைசியில் வந்து சேரும் ஒரு பையன்.

இங்கே ஒரு விஷயத்தைப் பலமுறை பார்த்த பிறகுதான் கவனித்தேன். ‘ஹை நூன்’ படத்திலும் கேனுக்கு உதவ வருகிறார்கள். ஒற்றைக்கண் குடிகாரன் ஒருவன் வருகிறான். வயதைக் கூட்டிச் சொல்லி ஒரு சிறுவன் வருகிறான். இருவரையும் கேன் அன்பாகப் பேசித் திருப்பி அனுப்பிவிடுகிறார். ஹாக்ஸ் தன் படையைத் திரட்டியது அந்தத் தள்ளப்பட்டவர்களிலிருந்துதான். கேனுக்குக் குடும்பஸ்தர்கள், சபையில் மரியாதை உள்ளவர்கள் வேண்டும். ஊர் என்றால் அவருக்கு அவர்கள்தான். சான்ஸுக்கு ஊர் என்ற ஒன்றே கண்ணில் படவில்லை. 141 நிமிடப் படத்தில் ஊர் மக்கள் கூடிப் பேசும் காட்சி ஒன்றுகூடக் கிடையாது. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்ற கேள்வியை எழவிடாமல் பார்த்துக்கொண்டதுதான் ஹாக்ஸின் சாமர்த்தியம். உதவியே வேண்டாம் என்ற அந்த மனிதர் படம் முழுக்கப் பிறர் உதவியில்தான் பிழைக்கிறார். பையன் துப்பாக்கியை வீசித் தருகிறான், சூதாட்டக்காரப் பெண் ஜன்னலில் பூந்தொட்டியை எறிகிறாள், கிழவர் டைனமைட்டோடு வருகிறார். கேட்காமல் வந்தால் உதவி இனிக்கும், கேட்டு வாங்கினால் மானக்கேடு என்பது ஹாக்ஸ் கட்சி. இனிமையான படம் என்பதில் சந்தேகமில்லை, பத்து முறை பார்க்கலாம். ஆனால் மளிகைக்கடை, தேவாலயம், முதலீடு என்று நிஜமான ஊரின் வாடை அடிப்பது மற்றதில்தான்.

ஹாக்ஸ் இளக்காரம் செய்த அந்தக் குவேக்கர் மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எமியின் அப்பாவும் அண்ணனும் துப்பாக்கிக்குப் பலியானவர்கள். நியாயமான தரப்பில் நின்றது அவர்களைக் காப்பாற்றவில்லை என்பதுதான் அவள் மதம் மாறியதற்குக் காரணம். கணவனுக்காக அவள் ஒருவனை முதுகில் சுடுகிறாள். அவளை அந்த இடத்துக்குத் திருப்பியவள் ஹெலன் ராமிரெஸ், கேட்டி ஹுராடோ நடித்த மெக்சிகப் பெண். கடைக்கு முதலாளி, ஆனால் ஊர் அவளை முன்வாசல் வழியாகச் சேர்த்துக்கொள்ளாது. ஹாட்லிவில்லைச் சரியாக எடைபோட்டவள் அவள் ஒருத்தி. கேன் செத்தால் இந்த ஊரும் செத்துவிடும் என்று சொல்லிவிட்டு, கடையை விற்றுக் காசாக்கிக்கொண்டு, மில்லர் இறங்கும் அதே ரயிலில் ஏறிவிடுகிறாள்.

வெய்ன் அந்த 1971 பேட்டியில் இன்னொன்றும் சொன்னார்: கூப்பர் நட்சத்திரத்தைக் காலடியில் போட்டு மிதிக்கிறார் என்று. படத்தில் அப்படி இல்லை. நாலு பேரும் செத்துக் கிடக்க, கதவுகள் திறந்து ஊரார் தெருவுக்கு வருகிறார்கள். அந்தச் சிறுவன் குதிரை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறான். கேன் யாரோடும் பேசவில்லை. நட்சத்திரத்தைக் கழற்றி மண்ணில் போடுகிறார், எமியோடு வண்டியில் ஏறுகிறார். வண்டி போகிறது. சுற்றி நிற்பவர்களில் ஒருவரும் குனிந்து அதை எடுக்கவில்லை.